உங்களுக்குப் பின்னால் நீல வானம் போட விடமாட்டேன்

இஞ்சருங்கோ, உங்கள் நினைவு அட்டைகளில் மிஞ்சிய கட்டு இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது. இன்று காலை அதைப் பிரித்தேன். அச்சு மையின் மணம் போகவில்லை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் அக்காவோடு பிடித்த சண்டை முழுவதும் திரும்ப வந்தது. தனியாக நின்று சிரித்தேன். வென்றவள் சிரிக்கத்தானே வேண்டும்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அட்டை அடிக்கும் பொறுப்பை உங்கள் அக்கா, என் மச்சாள், சிட்னியிலிருந்தே எடுத்துக்கொண்டார். மாதிரி என் கைபேசிக்கு வந்தது. மகளின் கலியாணப் படத்திலிருந்து உங்கள் முகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். பின்னால் பளீரென்ற நீல வானம், பஞ்சு பஞ்சாய் இரண்டு மேகம், மூலையில் ஒரு வெள்ளைப் புறா. செத்த எல்லாருக்கும் கொடுக்கிற அதே வானம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புறாவைக்கூடப் பொறுத்திருப்பேன், அந்த நீலத்தைப் பொறுக்க முடியவில்லை.

வீண் பிடிவாதம் என்று மற்றவர்கள் சொல்லட்டும். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இங்கே மெல்பேர்ணில், ட்ருகனினாவில் வெயார்ஹவுஸ் வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணியோடு அந்தச் சின்ன அறையில் கதிரையை இழுத்துப் போட்டீர்களென்றால் கணினியில் விமானம் ஓட்டுகிற அந்த விளையாட்டு, பிளைட் சிமுலேற்றர்தான். மற்றவர்கள் அதில் விமானம் ஓட்டுவார்கள், நீங்கள் விமானத்தைப் படம் எடுப்பீர்கள். வெள்ளை நிறச் சின்ன விமானம் ஒன்றைக் குடாவுக்கு மேல் அப்படியே நிறுத்திவிட்டுக் காலநிலையைத் திருத்தத் தொடங்குவீர்கள். வெயிலைச் சாய்ப்பீர்கள். மேகத்தைக் கீழே இறக்குவீர்கள். பார்வைத்தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பீர்கள். பிறகு குசினிக்குக் குரல் வரும்: “இஞ்ச ஒருக்கா வாரும். தூரம் தெரியுதோ பாரும்.”

வெங்காயக் கையோடு வந்து நிற்பேன். “ஒண்டும் தெரியேல்லை, ஒரே பனிப்புகார்” என்பேன்.

“எல்லாம் தெரிஞ்சா தூரம் தெரியாது” என்பீர்கள்.

அது உண்மைதான். பார்வைத்தூரத்தை முழுக்கத் திறந்து விட்டால் தொலைவிலுள்ள மலையும் பக்கத்திலுள்ள இறக்கையும் ஒரே கூர்மையாக நிற்கும். நிலம் மேசையில் விரித்த பூப்போட்ட பிளாஸ்ரிக் போல ஆகிவிடும். கொஞ்சம் பனிப்புகார் போட்டதும் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப் பின்னால் போகும். அப்போதுதான் அந்த விமானம் எங்கேயோ போகிறது என்று நம்பலாம். இணையத்துக் குழுவில் முதலில் உங்களைக் கேலி செய்தார்கள், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி. பிறகு அவர்களே வந்து எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டார்கள். நீங்களும் பெருமை பிடிபடாமல் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினீர்கள்.

அவர்களுக்குச் சொன்னது படத்துக்கான காரணம். மற்றக் காரணத்தை எனக்கு நீங்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை. நானும் மன்னார்க் கரையில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக விடிந்தால் குண்டு போடப் பொம்மர் வரும். மேலே இருப்பவனுக்குக் கூரை தெரியும், கோயில் தெரியும், ஓடுகிற பிள்ளையும் தெரியும். மேகம் மூடி மப்பாக இருந்தால் அன்று ஆறுதலாகச் சமைக்கலாம், கிணற்றடியில் நின்று குளிக்கலாம். மெல்பேர்ண் முழுக்க மப்பைத் திட்டுகிற காலையில் யன்னல் சீலையை விலக்கி “நல்ல நாள்” என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

ஒருநாள் கேட்டேன்: “ஒருக்காலாவது நீலமா வையுங்கோவன்.”

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தீர்கள். “வைக்கலாம். பிறகு அண்ணாந்து பாத்துக்கொண்டெல்லோ இருக்கவேணும்.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மச்சாளைத் தொலைபேசியில் பிடித்தேன். “வேற வானம் போடுங்கோ. அவர் எடுத்த படங்களே கிடக்கு” என்றேன்.

“கேம் படத்தையோ? இஞ்ச பார் பிள்ளை, சனம் என்ன சொல்லும்? அதுவும் மப்பும் மழையுமா! மோட்சம் எண்டால் நீலமாத்தானே இருக்கும்.”

“பொம்மர் வரேக்க நீங்களும் அவரோட பங்கருக்குள்ள பதுங்கி இருந்தனீங்கள்தானே மச்சாள். அந்த நீலத்தையோ அவற்ற தலைக்குப் பின்னால போடப்போறியள்?”

“அதெல்லாம் முடிஞ்சு எவ்வளவு காலம்” என்றார்.

“முடிஞ்ச ஆக்களுக்கு முடிஞ்சுது. அவர் கடைசிவரைக்கும் மேகத்தை இழுத்துப் போத்திக்கொண்டுதான் இருந்தவர். நான் அதை உருவ விடமாட்டன்.”

பக்கத்தில் நின்ற மகள், “அம்மா, ஜஸ்ட் லெட் இட் கோ” என்றாள். விடவில்லை. அச்சகத்துப் பெண்ணோ உங்கள் படங்கள் எல்லாம் இருட்டு, முகம் அமுங்கிவிடும் என்றாள். சரி என்று நானே உங்கள் கதிரையில் ஏறி இருந்தேன். வெயிலைச் சாய்த்தேன். மேகத்தை மெல்லியதாக விரித்தேன். மலை வெளிறிப் பின்னால் போகும்வரை பார்வைத்தூரத்தைக் குறைத்தேன். தூரம் தெரிந்தது. அதை அச்சகத்துக்கு அனுப்பினேன்; அட்டையில் அதன் முன்னால் உங்கள் முகமும் தெரிந்தது.

பூசை முடிந்து அட்டையை வாங்கிய ஒரு அன்ரி, “பிரிண்ட் மங்கிப்போச்சோ பிள்ளை?” என்று கேட்டார். “இல்லை அன்ரி, அவருக்கு இதுதான் நல்ல நாள்” என்றேன். மச்சாள் அட்டையைத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். சம்மதமோ, கோபமோ, எனக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை.

உங்கள் வழக்கு முடிந்தது. இனி என்னுடையது. அந்த அறையைக் காலி செய்யலாம் என்று மகள் சொன்னாள். முடியாது என்றுவிட்டேன். காலை வேலைகள் முடிந்ததும் உங்கள் கதிரையில் நான்தான் இருக்கிறேன். கோபிக்காதேங்கோ, மேகம் முழுவதையும் துடைத்துவிடுகிறேன். பார்வைத்தூரத்தை முழுக்கத் திறந்து விடுகிறேன். முதல் நாள் அந்த நீலத்தைக் கண்டதும் கழுத்து தானாகக் குனிந்தது, கை மேகத்தைத் தேடிப் போனது. இன்றும் குனிகிறது. உங்களுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தவற்றில் அந்தப் பயம்தான் என்னோடு மிஞ்சியிருக்கிறது, சாகும்வரை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக ஒரு வானத்தையே பொம்மரில் வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட என்னால் ஏலாது.

படம் கேவலமாகத்தான் வருகிறது, நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எடுக்கிறேன். கீழே ஒவ்வொரு கூரையும் தெரிகிறது. ஒருவரும் ஓடவேண்டாம். மேலே பறப்பது நான்.