நீச்சல் குளத்தடியில் பேசியது

அன்புள்ள அனுஷியாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் இருமல் விட்டதா? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் வீட்டு ஐயாவும் குடும்பமும் கனடா போய் ஒரு மாதமாகிறது. நீச்சல் குளத்தில் இறங்க ஆளில்லை. ஆனாலும் தண்ணீர் பச்சையாகாமல் நான்தான் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை குளத்துத் தண்ணீரில் உப்புக் குறைந்து, அந்த உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷினில் சிவப்பு லைட் எரிந்தது. இரண்டு மூட்டை உப்புக் கொட்டி, கரையும் வரை பிரஷால் தள்ளிக்கொண்டிருந்தேன். கேமராவில் பார்த்துவிட்டு ஐயா போன் எடுத்தார்.

"யோகராஜ், ஆரோட கதைக்கிறாய்? வீட்டுக்கு ஆரும் வந்திருக்கினமோ?"

"யாரும் இல்லீங்க ஐயா. மெஷின்கிட்டதான் பேசுனேன்."

உண்மையில் உன்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். மெஷின் இப்போது சரியாக ஓடுகிறது, யோசிக்காதே.

மகள் வரைந்த படம் ஒன்று தபாலில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுத்தால், வேலை இருந்தாலும் உடனே வைத்துவிடாதே. சரி, இப்போது குளத்துப் பம்பை நிறுத்தப் போக வேண்டும், இத்துடன் முடிக்கிறேன்.

உன்
யோகராஜ்