ஊருக்குப் பக்கிள், உள்ளே கொக்கி

லிப்ஸ்டர்
2 ஜூன் 1984

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் எஃபி மெக்காஸ்கில் அவர்களுக்கு,

அலிஸ்டர் ஸ்வான்சன் எழுதுவது. இங்கே நான் சுகம். ஸ்கை தீவில் உங்களுக்கும் குறை இருக்காது என்று நம்புகிறேன்.

என் மகள் மோர்வெனுக்கும் உங்கள் மகன் ரூரிக்கும் செப்டம்பரில் கல்யாணம். அதற்கு எனக்கு உங்கள் கையாலேயே, இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவக் கில்ட் தைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். மிக்க நன்றி. என் பழைய கில்ட்டைப் பூச்சி தின்றது போக, மிச்சத்தில் நாய் படுத்துக்கொள்கிறது.

இடுப்பு முப்பத்துநான்கு அங்குலம். கால்சட்டையில் பார்த்து எழுதினேன். ஒரே ஒரு வேண்டுகோள். பக்கிள்களை எல்லாம் இடப்பக்கமே வைத்துவிடுங்கள். முடியாதென்றால், இப்போது பிள்ளைகளின் செருப்பில் வருகிறதே வெல்க்ரோ, அந்த ஒட்டுப்பட்டையாவது போதும்.

கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற படகில் உட்கார்ந்து எழுதியது.

அன்புடன்,
அலிஸ்டர்

போர்ட்ரீ
9 ஜூன் 1984

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துத் தனியாகவே சிரித்துக்கொண்டிருந்தேன். கால்சட்டை தொப்பைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். கில்ட் அப்படியா? தொப்புள்மேல் ஏறி உட்காரும். முப்பத்துநான்கு தைத்து அனுப்பினால் உங்கள் நாய்க்குத்தான் புதுப் படுக்கை. யாரையாவது விட்டு, தொப்புளைச் சுற்றி ஒரு அளவு, புட்டத்தைச் சுற்றி ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மண்டியிட்டு, தொப்புளிலிருந்து தரைவரை ஓர் அளவு. மூச்சை உள்ளே இழுத்து என்னை ஏமாற்றவேண்டாம். விருந்துச் சாப்பாடு இறங்கியதும் துணியே என்னிடம் சொல்லிவிடும்.

வெல்க்ரோ என்ற பேச்சே வேண்டாம். நடனத்தின் நடுவே 'பர்ர்' என்று சத்தம் வந்தால் பிடில்காரனே வாசிப்பை நிறுத்திவிடுவான்.

பக்கிள் சமாச்சாரம்தான் எனக்கு விளங்கவில்லை. ஆணுக்கு, வயிற்றின் குறுக்கே வரும் கில்ட்டின் மேல்துணி வலது இடுப்பில் முடியும். இடப்பக்கம் முடிவது பெண்கள் உடுத்துவது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். "மாப்பிள்ளையோட அம்மா, பொண்ணோட அப்பனுக்குப் பாவாடை தச்சுக் குடுத்துட்டாடா!" என்று உங்கள் ஊர்க்காரர்கள் கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிடுவார்கள். படகில் எழுதினேன் என்கிறீர்கள். காகிதத்தில் அடுப்புக் கரி ஒட்டியிருக்கிறது. என்ன விஷயம் சம்பந்தி? என்னிடம் சொல்லலாம்.

அன்புடன்,
எஃபி

லிப்ஸ்டர்
18 ஜூன் 1984

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கண்ணுக்குத் தப்பாது என்று தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். மார்ச் மாதம் எனக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வாயும் தேறிவிட்டது. வலது கை மட்டும் எழவில்லை. என் தோளில் தொங்குகிறது, ஆனால் யாருடையதோ போல இருக்கிறது. இதை இடக்கையால் எழுதுகிறேன்.

மோர்வெனுக்குத் தெரியாது. இன்வர்னஸ் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது மணிக்கட்டு சுளுக்கு என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் ரூரிக்கும் நியூசிலாந்தில், டனீடின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. தாயில்லாமல் வளர்ந்த பெண் அவள். முன்பு எனக்கு நுரையீரலில் சளி கட்டியபோது படிப்பையே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள். என் கை தெரிந்தால் கிளம்பவே மாட்டாள். அதனால் கல்யாணத்தன்று யார் துணையும் இல்லாமல் நானே உடுத்திக்கொண்டு வரவேண்டும். அவள் நிம்மதியாகப் போகவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தயவுசெய்து ரூரியிடம்கூடச் சொல்லாதீர்கள்.

தபால்காரர் டேவி அளவெடுத்தார். நான் மண்டியிட்டதும், "என்னய்யா, ஜெபமா அளவா? ஆமென் நான் சொல்லட்டுமா?" என்றார். இடுப்பு நாற்பத்தொன்று. "உள்ள யாரைய்யா குடிவெச்சிருக்கே?" என்று வேறு கேட்டார். மற்ற அளவுகளை டேவியே தனித்தாளில் எழுதியிருக்கிறார்.

நன்றியுடன்,
அலிஸ்டர்

போர்ட்ரீ
21 ஜூலை 1984

அன்புள்ள சம்பந்திக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் தையல் மட்டும் இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஆசை. மோர்வென் போகாவிட்டால் ரூரியும் போகமாட்டான். கணவன் போனபிறகு எனக்கிருப்பது அவன் ஒருவன்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதினால் என் பிள்ளை எனக்கு. அந்த நினைப்பிலேயே அடுப்பில் கஞ்சியைத் தீயவிட்டேன்.

நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் நீங்களே மோர்வெனிடம் சொல்லியாகவேண்டும். அவளும் ரூரியும் உலகத்தின் மறுகோடியில் இருக்கும்போது அவர்களுக்கு இது தெரியவந்தால், அந்தப் பெண் தன்னையே மன்னிக்கமாட்டாள். மறைப்பதற்காக நான் இதோடு வரும் கில்ட்டைத் தைக்கவில்லை. ஒற்றைக் கையாலும் உங்களால் முடியும் என்று அவளுக்குக் காட்டுவதற்காகத் தைத்தேன்.

இனி கவனமாகப் படியுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, பின்கொசுவத்தை முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கிக்கொள்ளுங்கள். துணி கீழே விழாது. உள்துணியை இடது இடுப்புக்கு இழுத்தால் அங்கே ஒரு பெரிய கொக்கி இருக்கிறது. பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். பிறகு மேல்துணியை வயிற்றின் குறுக்கே வலப்பக்கம் கொண்டுபோங்கள். அங்கே தோல் வாரும் பக்கிளும் ஏற்கெனவே மாட்டியே இருக்கும். அவிழ்க்கவேண்டாம், அடியில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு கொக்கிகளையும் இடுப்பில் தைத்திருக்கும் கம்பிகளில் இறக்கினால் போதும். ஊருக்குப் பக்கிள், உங்களுக்குக் கொக்கி. சாப்பிட்டபின் தளர்த்திக்கொள்ள இன்னொரு கம்பியும் தைத்திருக்கிறேன்.

சும்மா சொல்லவில்லை, என் வலது கையைச் சால்வையில் கட்டிக்கொண்டு நானே உடுத்திப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பாதிரியாரின் மனைவி உள்ளே வந்துவிட்டாள். "எஃபி, உனக்கு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றாள். "ஆம்பளையா மாறலாம்னு பாக்கறேன்" என்றேன். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அன்புடன்,
எஃபி

லிப்ஸ்டர்
5 செப்டம்பர் 1984

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கல்யாணக் கூட்டத்தில் உங்களிடம் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. அதற்கு முந்தின நாள் நடந்தது உங்களுக்குத் தெரியவேண்டும்.

மோர்வென் வந்து பெட்டியை வைத்ததுமே சொல்லிவிட்டேன். முதலில் கத்தினாள். "சுளுக்குன்னு சொன்னியேப்பா! பொய்யாப்பா சொன்னே?" அப்புறம் குரலே இல்லாமல், "ரூரிகிட்ட பேசிடறேன். நாங்க போகல" என்றாள்.

நான் வாதாடவில்லை. கில்ட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன். "கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு. கிட்ட வராதே" என்றேன். உள்கொக்கி மாட்டியது. மேல்துணி ஒருமுறை நழுவியது. அவள் ஓடிவந்தாள். "நில்லுடி!" என்று அதட்டினேன். மறுபடி இழுத்து இறக்கினேன். மேல் கொக்கி கம்பியில் மாட்டியது, கீழ்க் கொக்கியும் மாட்டியது. எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அவள் வந்து வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பக்கிளைத் திருப்பிப் பார்த்தாள். மருத்துவச்சி அல்லவா, எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள். எப்படி மாட்டினேன் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கம் என்ன?

மறுநாள் தேவாலயத்து வாசலில் என் இடக்கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன்ப்பா" என்றாள். கல்யாணத்தைச் சொல்லவில்லை, டனீடினைச் சொன்னாள்.

எஃபி, நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் மகன் உங்களோடு இருந்திருப்பான். அதை விட்டுவிட்டு எனக்குக் கொக்கி தைத்தீர்கள். இதற்கு என்ன கைம்மாறு செய்வேன்? உயிருள்ளவரை உங்களை நினைப்பேன்.

நன்றியுடன்,
அலிஸ்டர்

போர்ட்ரீ
24 செப்டம்பர் 1984

அன்புள்ள அலிஸ்டருக்கு,

பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டு வந்து நான்கு நாளாகிறது.

என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேளுங்கள். கிளாஸ்கோ விமான நிலையத்தில் ரூரியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றேன், ஊரே பார்க்க. அவன் "அம்மா, விடும்மா" என்றபோதும் விடவில்லை. உங்கள் மகள்தான் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கோபிக்கவில்லை. என் காதில், "அத்தை, எங்கப்பா ஒத்தக் கையால சமாளிச்சிட்டாரு. நீங்க என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து தையல் மேசையில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்கவும் மனம் வரவில்லை. தேநீரைப் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பையில் ஊற்றிவிடுகிறேன்.

கைம்மாறு என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்களே. மோர்வென் முதன்முதலில் வீட்டைவிட்டு இன்வர்னஸ் போனபோது, அந்த முதல் வாரத்தை எப்படிக் கழித்தீர்கள்? காலையில் எழுந்ததும் என்ன செய்தீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

எஃபி