உவர்மண் அறுகு

கருவடிக்குப்பம், புதுச்சேரி
2-12-1962

அன்பு மகன் ஜானகிராமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் இருமல் நின்றதா, பிரான்சில் உன் மோன்பெலியே ஊரில் குளிர் வந்திருக்குமே, மாரை மூடிக்கொண்டு போகிறாயா? இங்கே ஐப்பசியில் பிடித்த மழை விட்டபாடில்லை, கொல்லை முருங்கை சாய்ந்துவிட்டது. உன் தங்கை பார்வதிக்கு இது ஐந்தாம் மாதம், தையில் வளைகாப்பு வைத்திருக்கிறோம். போன வாரம் சாரத்துப் புகுந்த வீட்டிலிருந்து வந்தவள், பொறக்கற பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேணுமே, அண்ணன் எப்ப வருது என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அவளுக்கு உன் கடிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இந்தியப் பிரஜையாக எழுதிக்கொடுக்கப் போவதில்லை, பிரெஞ்சுக்காரனாகவே இருந்துவிடுகிறேன், இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று எத்தனை சுலபமாக எழுதிவிட்டாய்! அப்பா படித்துவிட்டு, இனிமே இந்த வூட்லேர்ந்து அவனுக்குக் கடுதாசி போவக்கூடாது என்றார். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டதால் வெளிதேசத்தில் இருக்கிறவர்கள் எழுதிக்கொடுக்க வைத்த கெடு மாசி பிறந்ததும் முடிந்துவிடுமாமே, அதற்குப் பிறகு நீ நினைத்தாலும் சுலபமில்லையாமே, மேலண்டை வீட்டு நாராயணசாமி சொன்னார். கேட்டதிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் நீ உன் செடிகொடிப் படிப்புக்காகச் செய்யச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கனகசெட்டிக்குளத்தில் கடல்தண்ணீர் ஏறி உவராகிப்போன நம் நிலத்து அறுகிலும், வீட்டுக் கொல்லை அறுகிலும் கொஞ்சம் பிடுங்கி, உவர்மண் சட்டியிலும் நல்லமண் சட்டியிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னாய். இரண்டும் ஒரே புல்தானே, இதில் என்ன இருக்கிறது என்று சிரித்தேன். கொல்லை அறுகு உவர்மண்ணில் மஞ்சளாகி வாடியது. எனக்கு மனசு கேட்காமல், அப்பாவுக்குத் தெரியாமல் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். இதோ பழகிடும், இதோ பழகிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கருகியே போனது. அந்த நிலத்து அறுகு மட்டும் உப்புக்குள்ளேயே பச்சென்று ஓடியது. நீ பதில் எழுதினாய்: புல் பழகுவதில்லை அம்மா, தாங்காததெல்லாம் செத்துப்போய், தாங்கினது விட்ட விதைதான் தலைமுறை தலைமுறையாக அங்கே நிற்கிறது, அந்தக் குணம் விதையிலேயே இருக்கிறது என்று.

சரி, நீ படித்தவன், உன்னையே கேட்கிறேன். பழகுவது என்று ஒன்று இல்லையென்றால் உனக்கு மட்டும் அந்த ஊர் எப்படியடா பழகியது? எங்களை விட்டுவிட்டு இருக்கிற குணம் நீ விதையாக இருக்கும்போதே உனக்குள் இருந்ததா? அதை நானா உனக்குக் கொடுத்தேன்? கப்பல் ஏறும்போது நீ அழுதாயே, போகப் போகப் பழகிடும்டா கண்ணு என்று இந்த வாயால்தானே சொன்னேன். அந்த வாயில் மண்ணைப் போட. நீ அங்கே சந்தோஷமாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத ஆசைதான், பொய்யாக எழுத வரவில்லை. உன் பெட்டியைத் திறந்து சட்டைகளை வெயிலில் போடுகிற ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து அழுகிறேன்.

அப்பா வெளியே போயிருக்கும்போதுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கே போகிறார் என்று நினைக்கிறாய்? மழை விட்ட நேரம் பார்த்து சைக்கிளில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு கனகசெட்டிக்குளம் போய் உப்பங்கழித் தண்ணீர் கொண்டுவருகிறார், உன் உவர்மண் சட்டி அறுகுக்கு ஊற்ற. நீ கேட்பதை நிறுத்தி எத்தனை மாதம் ஆயிற்று, அவர் நிறுத்தவில்லை. இதோ வந்துவிட்டார். நான் எழுதுவதைப் பார்த்தார், திட்டுவார் என்று நினைத்தேன். புதுசா துளிர் வுட்டிருக்குன்னு எழுது என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மாசி பிறப்பதற்குள் இன்னொரு தடவை யோசித்துப் பார். அறுகு போல வேரோடி நல்லாயிரு என்றுதான் உனக்கு எப்போதும் எழுதி முடிப்பேன், இன்றைக்குக் கை வரவில்லை. வேரோடிவிட்டால் பிடுங்க வராத புல்லாயிற்றே அது. ஆனாலும் பெற்றவள் பிள்ளையைப் பட்டுப்போ என்றா சொல்வாள்? எந்த மண்ணாக இருந்தாலும் வேரோடி நல்லாயிரு, கண்ணு.

உன் அம்மா,
செல்வாம்பாள்