மிச்சத் தோலில் பிறந்த எழுத்து

மாப்ளே,

நான் இப்போது சொல்லப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பப்போவதில்லை. பாலாற்று மணல்மீது, அதாவது அள்ளியது போக மீதி இருக்கும் மணல்மீது, ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

நேற்று சத்துவாச்சாரியில் டீ குடிக்க நின்றேன். கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய வார இதழ் ஒன்றின் அட்டையில் 'குடிநீர் எங்கே?' என்று கேட்டிருந்தார்கள். குடிநீர் எக்கேடோ கெடட்டும், அந்த 'கு'வைப் பார்த்ததும் எனக்கு டீ புரையேறிவிட்டது. அது உன் 'கு'. அந்த வளைவும், வால் முனையில் குதிகால்போல் ஒரு திரட்சியும் உலகத்தில் வேறு எவனுக்கும் வராது. யாரோ திருடிவிட்டார்கள். பத்திரிகையை வாங்கி வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு, டீக்கடைக்காரரையும் ஒரு முறை சந்தேகமாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு நினைவிருக்கும். நம் வேலூர் மாத இதழில் நான் பிழை திருத்த, நீ பக்கம் அமைத்தாய். கத்திரி வெயில் இதழுக்கு அட்டையில் 'குடை' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்தாய். 'கு'வின் வளைவை இழுத்து அட்டை முழுக்கக் கவிழ்த்தாய். அந்த அட்டையைத் தலைக்குமேல் பிடித்து நடந்தவர்களுக்கு அந்த வருடம் வியர்க்கவே இல்லை. கோட்டை அகழியில் ஒரு சாண் தண்ணீர்கூட ஏறியது.

முதலாளிக்கு மட்டும் வியர்த்தது. "இன்னா தம்பி, எந்த வெளிநாட்டு புஸ்தகத்துலர்ந்து உருவுன? காப்பின்னு தெரிஞ்சுதுன்னா நாளைக்கே வேலைக்கு வர வேணாம்" என்றார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பால் எனக்கும் சந்தேகம் ஜாஸ்தியானது. போதாததற்கு என் தங்கச்சி, அதாவது உன் பெண்டாட்டி, வந்து காதைக் கடித்தாள்: "அண்ணா, சனிக்கிழமையானா காலிப் பையோட ஆம்பூர் போறாரு, ரொப்பினு வர்றாரு. பிரியாணின்னு நெனச்சு தொறந்தா ஒரே தோல் நாத்தம். நீயே போய் இன்னான்னு பாரு."

பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை நீ ஏறிய ரயிலிலேயே ஏறி உன் பின்னால் வந்தேன். ஆம்பூரில் இறங்கினாய். தம் உடைத்த பிரியாணி மணம் தெருவையே தூக்கிக்கொண்டு போகிறது, நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆம்பூரில் இறங்கி பிரியாணிக் கடையைத் திரும்பிப் பார்க்காதவன் யோக்கியனாக இருக்க முடியாது என்று அங்கேயே தீர்ப்பெழுதிவிட்டேன்.

ஷூ கம்பெனிக்குப் பின்னால், கழிவுத் தோல் விற்கும் பாய் கடைக்குள் நுழைந்தாய். ஷூவுக்கான துண்டுகளை வெட்டி எடுத்தபின் சல்லடைபோல் மிஞ்சும் தோல்கள் மலையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக உருவி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாய்.

பாய் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்துச் சொன்னார்: "வர்றவங்கல்லாம் ஓட்ட கம்மியா குடு பாய்னு கேப்பாங்க. இவரு ஓட்ட ஜாஸ்தியா கேக்கறாரு. பைத்தியம்தான், ஆனா நம்ம தோஸ்த்."

நீ திரும்பாமலே சொன்னாய்: "மச்சான், தூணுக்குப் பின்னாடி ஒளியறதா இருந்தா தொப்பைய வீட்ல வெச்சிட்டு வரணும்."

பிறகு, அட்டை போடும் முன்பே பாயிடம் கொடுத்துவைத்திருந்த ஒரு தோலை வாங்கி என் முகத்துக்கு நேராக விரித்தாய். "வெட்டறவன் தோல்ல தழும்பு இருந்தா அத விட்டுட்டு கத்திய வெப்பான். விட்டு விட்டு வெட்டுனதுல நடுவுல மிஞ்சி நிக்குது பாரு, இத எவனும் வரையல." பார்த்தேன். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே, உண்ணி கடித்த வடுவோடு, 'கு' நின்றது. உன் பக்கங்களும் அப்படித்தான் என்று அன்றுதான் புரிந்தது. விளம்பரத்தைத் தழும்பாக வைத்து, அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டி அடுக்குவாய். பள்ளிவாசல் தெரு உருதுக் கல்யாணப் பத்திரிகைகளின் சாய்வும், லாரி முதுகு எழுத்தின் திமிரும் உன் எழுத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"இத முதலாளிகிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"சொன்னா நம்புவாரா?"

நான் நம்ப வைக்கிறேன் என்று அந்தத் தோலை எடுத்துப்போய் அவர் மேசையில் விரித்தேன். முகர்ந்தார், புரட்டினார். "மச்சானும் மாப்ளையும் ராவெல்லாம் ஒக்காந்து வெட்டுனீங்களா?" என்று கேட்டார். ஆதாரம் இல்லாததால் உன்னை அனுப்பவில்லை. ஆனால் இதழை மூடும்வரை பழைய புத்தகக் கடைகளில் அந்த வெளிநாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டேதான் இருந்தார். 'காப்பி அடிச்சவன்' என்ற பேச்சு உன் சாவு வீட்டுப் பந்தல்வரை வந்தது. என் காதால் கேட்டேன்.

அதனால்தான் நேற்று அந்த வார இதழுக்குப் போன் போட்டு, அட்டை வரைந்தவரை லைனில் கூப்பிடச் சொல்லி, எடுத்த எடுப்பிலேயே திருட்டுப்பட்டம் கட்டினேன். ஒரு பெண் பேசினாள். பேர்ணாம்பட்டுக்காரியாம்.

"சார், அது எங்க வீட்டு அலமாரி சார். சாமான் அடுக்க அம்மா ஒரு பழைய பத்திரிகை அட்டைய விரிச்சிருந்தாங்க. தட்டு எடுக்கப் போனாலே அந்த 'கு'தான். யார் வரைஞ்சதுன்னு தெரியாது. நீங்க யாரு?"

"அந்த எழுத்துக்கு மச்சான்."

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, தோல் கதையைச் சொன்னேன். "சும்மா சொல்லாதீங்க சார்" என்றாள். பிறகு, "அவர் பேர் சொல்லுங்க, அடுத்த இதழ்ல இது அவரோட எழுத்துன்னு போட்டுடறேன்." சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அச்சில் வரும்வரை நம்பமாட்டேன், அது வேறு விஷயம்.

மாப்ளே, வியர்க்காதது பொய். அகழியில் தண்ணீர் ஏறியதும் பொய். தோல் மட்டும் நிஜம். முதலாளி மேசையிலிருந்து அன்றே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என் கிழக்கு ஜன்னலில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். காலை வெயில் ஏறும்போது உன் 'கு' நிழலாகத் தரையில் விழுகிறது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த நிழலுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.