சொல்லிவிட்டு விடுவது

28 மே 2006, ஞாயிறு
ஓடுகிற சைக்கிள் ஏன் விழுவதில்லை? அகிலா கேட்டாள். சுழலும் சக்கரம் என்று ஆரம்பித்தேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை, நிறுத்திவிட்டேன். தெரியவில்லை என்றேன்.

"அம்மா, பிஸிக்ஸ்ல பிஎச்.டி., உனக்கே தெரியாது. அப்புறம் எதை நம்பி என்னை ஏறச் சொல்ற?"



காலை ஆறரைக்கே வெயில். சைனிக்புரியில் இந்நேரம் நாய்களும் ரிடையர்டு ஆட்களும் மட்டும். ஜூன் 12 பள்ளி திறப்பு. இவளுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. போன வருடம் முழுக்க ஆட்டோவில், எல்கேஜி பிள்ளைகளோடு, மடியில் இரண்டு பேர். அதுகள் இவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட, வகுப்பில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "இந்த வருஷமும் ஆட்டோன்னா ஸ்கூலே நக்கோ, வேணாம்" என்றவள், சைக்கிள் வாங்கியதும் ஒரு மாதம் பழைய பெட்ஷீட் போட்டு மூடிவைத்திருந்தாள்.

நிபந்தனை போட்டாள்: சொல்லாமல் கையை விடக் கூடாது. சரி என்றேன்.

30 மே, செவ்வாய்
கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட்டம். நாற்பத்தெட்டு வயது, இடது முழங்கால் வலி. ஐந்து விநாடிக்கு ஒரு முறை "பிடிச்சிருக்கியா?" "பிடிச்சிருக்கேன்."

எதிர்வீட்டு சுபேதார் நாயோடு நின்று வேடிக்கை. "சோடோ மேடம், விடுங்க. என் நாலு பிள்ளைங்களும் இப்படித்தான் கத்துக்கிட்டாங்க."

விட்டேன். பத்து மீட்டர் போயிருப்பாள். "பிடிச்சிருக்கியா?" "பிடிச்சிருக்கேன்" என்றேன். குரல் தூரத்திலிருந்து வந்ததும் திரும்பிப் பார்த்தாள். விழுந்தாள். முழங்கை, முட்டி. சுபேதார் கைதட்டினார்.

சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில்: "விட்டது ஓகே. பிடிச்சிருக்கேன்னு ஏன் சொன்ன?"

31 மே
வரவில்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆவக்காய் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டி வாங்கினேன். லேபில் ரிப்போர்ட் முடியவில்லை.

சிகாகோவிலிருந்து இவர் போன். "பயப்படறான்னா விட்டுடு, வேன் வெச்சுக்கலாம்." பயம் இல்லை இப்போது, வேறு என்றேன். என்ன என்று அவர் கேட்டார். லைன் சரியில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

3 ஜூன், சனி
மூன்று நாளாக ஆம், இல்லை மட்டும். பஞ்சர் கடை பாஷா பாயிடம் போனேன். "கேரியர் பிடிக்கிறதே தப்பு மேடம். ரெண்டு பெடலையும் நிகாலோ. சீட்டை இறக்கு. காலால தள்ளிப் பழகட்டும்." கழற்றித் தருகிறேன் என்றார். நானே செய்கிறேன் என்று ஸ்பேனர் மட்டும் வாங்கி வந்தேன்.

வலது பெடல் உடனே வந்தது. இடது அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நிற்காத குறை. அகிலா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டைட் பண்ணிட்டு இருக்க. கேப் குறையுது பாரு."

குனிந்து பார்த்தேன். உண்மை. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலதுபக்கப் பெடல் தண்டை அவள் பிடித்துக்கொள்ள, நேர்மாறாக இழுத்தேன். நாலாவது தடவை இளகியது.

"அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்றேன், ஸ்பேனரைப் பார்த்தபடி.

"தெரியும்."

7 ஜூன், புதன்
நான் காம்பவுண்ட் சுவரில். தொடுவதில்லை. தத்தித் தத்தித் தள்ளுகிறாள். மூன்றாம் வீட்டுக் குட்டி: "அக்கா, சைக்கிளுக்குப் பெடல் லேதா?"

"சர்வீஸுக்குப் போயிருக்கு."

இன்று ஒரு கால் தூக்கினாள்.

8 ஜூன்
இரண்டு காலும். சரிவில், மூன்றாவது விளக்குக் கம்பம் வரை. என் பக்கம் பார்க்கவில்லை.

10 ஜூன், சனி
பெடல் மாட்டியாயிற்று. தெருவில் ஆறு நடை. திருப்பம் அகலம். ஒரு முறை விழுந்தாள், தானே எழுந்தாள். பால், கறிவேப்பிலை மறந்துவிட்டேன்.

11 ஜூன், ஞாயிறு
மழை. யூனிஃபார்ம் அயர்ன் செய்துகொண்டே கேட்டாள்: "நாளைக்கு ஸ்கூட்டர்ல பின்னாடி வருவியா?"

"வர மாட்டேன்."

"வரமாட்டியா, இல்ல வந்துட்டு வரலேன்னு சொல்லுவியா?"

"வர மாட்டேன்."

மெயின் ரோடு கிராசிங்தான் கவலை. மருந்துக் கடை வாசலில் நின்றால் கிராசிங் தெரியும், அவளுக்கு நான் தெரியமாட்டேன். மாலை வாக்கிங் போனபோது நின்று பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது.

12 ஜூன், திங்கள்
7.40க்குக் கிளம்பினாள். ஏறும்போது இரண்டு தடவை கால் ஊன்றினாள். நான் வாசல் கேட்டோடு சரி. உள்ளே வந்து எட்டு மணி வரை ஸ்கூட்டர் சாவி கையில். பீன்ஸ் அடிப்பிடித்தது. லேபுக்கு கிராசிங் பக்கமாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டேன். 4.20க்குத் திரும்பினாள். சாக்ஸ் முழுக்கச் சேறு. கிராசிங்கில் இறங்கித் தள்ளினாளாம். அந்தப் பக்கம் வகுப்புப் பெண்கள் நின்றதால் உடனே ஏறவில்லை, பார்க் சுவர் தாண்டும் வரை தள்ளிப் போய் அப்புறம் ஏறினாளாம். இரண்டு நிமிடம் லேட், வெளியே நிற்க வைத்தார்கள்.

"நீ வந்தியா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றியபடி, நாளைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுப்பு என்றாள்.