யாரும் சொல்லாத செய்தி

செயின்ட் ஜான்ஸ்,
அக்டோபர் 12

அன்பு மகள் டெனீஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், வேறு வேண்டுதல் எங்களுக்கு இல்லை. குழந்தை விஷயம் உன் மாமியார் லொரெட்டா சொல்லித்தான் தெரியும், அவளைக் கோபித்துக்கொள்ளாதே, கடையில் அம்மாவைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். என் குரல் கேட்டாலே நீ தொலைபேசியை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கிழித்துவிடாதே அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், கடைசி வரை படி.

ஏப்ரலில் உன் கிளைட் போன நண்டுப் படகு காணவில்லை என்றதுமே எங்கள் டிவி செய்தி ஆசிரியர் வின்ஸ் என்னைக் கூப்பிட்டு, "ஜெரி, உன் மருமகன் அதுல இருக்கான், நீ போகாதய்யா, வேற ஆளை அனுப்பறேன்" என்றான். நான் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தக் கரையில் மூழ்கிய ஒவ்வொரு படகுக்கும் மைக்கோடு போய் நின்றவன், என் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொருவன் நிற்பதா என்று வீம்பு. துறைமுக அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே படகுகளோடு ரேடியோவில் பேசும் ஆம்புரோஸ் யாரிடமோ "அஞ்சு பேரும் கிடைச்சுட்டாங்க" என்றான். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. ஓடிப்போய் கேமரா முன் நின்று, ஐந்து பேரும் கிடைத்துவிட்டார்கள் என்று மைக்கில் வின்ஸிடம் சொன்னேன். காதுக்கருவியில் வின்ஸ் கத்தினான், "இரு, உயிரோடயான்னு கேளு, இன்னொருத்தர்கிட்டயும் கேளு!" இரண்டு பேரிடம் கேட்காமல் நான் எதையும் சொன்னதில்லை, உனக்கே தெரியும். அன்று காதுக்கருவியைப் பிடுங்கிப் போட்டேன். நீ லொரெட்டாவின் சமையலறையில் பார்த்துக்கொண்டிருப்பாய் என்ற நினைப்பு ஒன்றுதான் இருந்தது. ஐந்து பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். நாலு மணி நேரம் கழித்து ஐந்து உடல்கள் கரைக்கு வந்தன.

அன்று சாயங்காலம் நீ என்னைக் கேட்டது ஒன்றுதான், "யாருப்பா உங்களுக்குச் சொன்னாங்க?" ஆம்புரோஸ் சொன்னான் என்றேன். விசாரணையிலும் அதையே சொன்னேன். ஜூன் மாதம் அவன் வேலை போயிற்று. அவன் வாசலுக்கே போய் நீ கேட்டதும், "உங்கப்பாகிட்ட நான் பேசவே இல்லம்மா" என்று அவன் சொன்னதும், மறுநாளே நீ நாட்டின் மறுகோடிக்கு, வைட்ஹார்ஸுக்குப் புறப்பட்டதும் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. உனக்குப் புருஷன் போன துக்கத்தின் மேல் அப்பா பொய்யன் என்பதையும் ஏற்றினேன்.

போன வாரம் லொரெட்டாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உப்புக் கருவாட்டைக் கத்தியால் நறுக்கி ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவே இல்லை. "நாலு மணி நேரம் என் புள்ளைய உயிரோட வச்சிருந்தே ஜெரி. அதுக்கு உன்னைக் கும்பிடறதா, இந்தக் கத்தியால குத்தறதா, எனக்கே தெரியல. போயிடு" என்றாள். அங்கிருந்து ஆம்புரோஸ் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டால் அவன் சிரிக்கிறான். "சமையல்கட்டுல வந்து அழறியா? ஊரு பூரா கேக்க டிவியில சொன்னதை, டிவியிலயே போய் மாத்திச் சொல்லுய்யா" என்றான்.

நேற்று சொல்லிவிட்டேன். வின்ஸ்தான் பதிவு செய்தான், முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் அறையை விட்டுப் போனான். வருகிற 22-ஆம் தேதி சனிக்கிழமை நாடு முழுக்க ஒளிபரப்பாகும், அங்கேயும் தெரியும். அதோடு என் வேலையும் முடிந்தது, போகட்டும். ஆம்புரோஸை மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் இந்த முறை நீ என்னிடமிருந்து டிவி வழியாகத் தெரிந்துகொள்ளக் கூடாது டெனீஸ். அதற்காகத்தான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், ஒளிபரப்புக்கு முன்னால் வந்து சேர வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மன்னி என்று கேட்க எனக்கு வாயில்லை. பிரசவத்துக்கு அம்மாவையாவது வரவிடு, அவள் பெட்டி கட்டி வாசலருகே வைத்துவிட்டு உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள். நான் வரமாட்டேன், நீ கூப்பிடாமல் வரவே மாட்டேன். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, பனியில் தனியாக வண்டி ஓட்டாதே. கடவுள் உன்னையும் குழந்தையையும் இரண்டு உயிராகப் பத்திரமாகப் பிரித்துக் கொடுக்கட்டும்.

சனிக்கிழமை ஆறரை மணிச் செய்திக்கு முன் இதைப் படித்துவிடு, மறக்காதே. படித்த பிறகு டிவியைப் போடவே வேண்டாம்.

அவர்கள் உயிரோடு இருப்பதாக யாருப்பா உங்களுக்குச் சொன்னாங்க என்று நீ மறுபடி கேட்டால், யாரும் சொல்லவில்லை என்று இப்போது பதில் சொல்லும்,

உன் அப்பா
ஜெரார்ட்