அழிக்கக் கூடாதென்று நீ உடைத்த கேசட்

நேற்று ஒரத்தநாட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. டீஜேக்காரர் டெக்னோ போட்டார். பேஸ் என்கிற அடிநாத அதிர்வில் கையிலிருந்த டம்ளரில் ரோஸ்மில்க் நடுங்கியது. உடனே உன் நினைப்புதான். அந்த மனுஷன் சும்மா இருந்திருந்தால் பேசாமல் சாப்பிடப் போயிருப்பேன். மைக்கைப் பிடித்து, "இது வெள்ளைக்காரன் மிஷினுக்குக் கத்துக்கொடுத்த பாட்டுங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அது பொய் என்று மேடைக்கே போய்க் கத்தினேன். "பெரியவருக்குச் சத்தம் ஒத்துக்கலைங்க" என்று அவர் பேஸைக் குறைத்துவிட்டார்.

அது நான் செய்த பாவம்தானே. நீடாமங்கலம் ஸ்டேஷன் பக்கம் நான் கேசட் கடை வைத்திருந்தபோது, ஸ்பீக்கர் கிழியுது என்று வருகிறவர்களுக்குப் பேஸைக் குறைத்துத்தான் பதிவு செய்து கொடுப்பேன். சர்ச் பாட்டுக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த நீ, "என் சோத்துல மண்ணைப் போடுறியேடா" என்பாய்.

உன் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து இரண்டு கேசட் அனுப்பினார். ஒன்று ஃபங்க் என்கிற அமெரிக்க ஆட்டப் பாட்டு, ஒன்று மிஷினில் செய்த டெக்னோ. அட்டையிலிருந்த பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, என் கடையில் மாற்றி மாற்றிப் போட்டாய்.

"தாளத்தோட முதல் அடியைக் கவனிடா. ஃபங்க்ல அத்தனை பேரும் அதுல வந்து விழுறாங்க, பேஸ் அங்கேருந்து குதிச்சு ஓடுது. டெக்னோல அதே ஓட்டத்தை மிஷின் ஓடுது. அமெரிக்காவுல டெட்ராய்ட்னு கார் கம்பெனி ஊரு. ஃபங்க் கேட்டு வளந்த கறுப்புப் பசங்க செஞ்சது. மிஷின் சத்தம் வெள்ளைக்காரன்கிட்ட எடுத்திருக்கலாம். ஆட்டம் அந்தப் பசங்க வீட்டு ஆட்டம்."

நான் சிரித்தேன். எனக்கு நிரூபிப்பதற்காகவே ஒரு கேசட் முழுக்க நீ வாசித்தாய். முதலில் ஃபங்க், பிறகு அதே வரியைக் கீபோர்டு தாளத்தின் மேல். யாரும் அதன் மேல் பதிவு செய்யக் கூடாதென்று கேசட் முதுகிலிருந்த பிளாஸ்டிக் துண்டை உடைத்து, பத்திரமாக வைக்கச் சொன்னாய்.

முகூர்த்த சீசனில் புதுக் கேசட் வரத்து நின்றுபோனது. உடைத்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டினால் எதையும் அழிக்கலாம், எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒட்டினேன். உன் வாசிப்பின் மேல் கல்யாணப் பாட்டு ஏறியது. ஆர்டர் கொடுத்தவர் கடைசிவரை வாங்க வரவேயில்லை.

விசா வந்து, கிளம்புவதற்கு முதல் நாள் கேசட்டைக் கேட்டு வந்தாய். செலோ டேப்பை நகத்தால் சுரண்டினாய். "பரவால்லடா. முதல் அடி எங்க விழும்னு உனக்குத் தெரியும்ல, அது போதும்."

எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. ஓர் அறை விட்டிருக்கலாமே. கிட்டாரைச் சர்ச்சிலேயே விட்டுவிட்டு ஏசி குழாய் மாட்டப் போனாய். மூன்றாம் வருஷம் திருச்சி ஏர்போர்ட்டில் உன்னைப் பெட்டியில் இறக்கினார்கள். நீ வாசித்ததில் ஒரு நிமிஷம்கூட இன்று எங்கும் இல்லை. அழித்தவன் நான். மன்னித்துத் தொலைத்தவன் நீ.

நேற்று டீஜேக்காரரிடம் குறைத்ததை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். பந்திக்குப் போகிற வழியில் நின்றுகொண்டிருந்தேன். என் குதிகால் ஒவ்வொரு முறையும் முதல் அடியில் சரியாக விழுந்தது.

போதாதுடா.